காரியஸ்தரின் கடைசி ‘ர்’

அந்த ஞாயிற்றுக்கிழமை மாடியில் நான்கு பேர் இருந்தோம். ஜெராக்ஸ் கடை அக்கா. மாடியும் கீழே இருக்கும் கடையும் அவருடையவை. ஏலாக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வரும் ஆங்கில ஆசிரியர். எனக்கு நிச்சயம் செய்திருந்த பெண். அப்புறம் நான். வராதவர் ஒருவர்: நாங்கள் படித்துக்கொண்டிருந்த நாவலைத் தமிழில் மொழிபெயர்த்தவர். அவர் உயிரோடு இருக்கிறாரா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. அவர் மட்டும் வந்து ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தால், நான் இவ்வளவு தூரம் போயிருக்க மாட்டேன்.

மாடி என்றால் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு சீமைஓட்டுக் கூரை, பேப்பர் கட்டுகள், நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள். மாதத்தில் இரண்டு ஞாயிறு அங்கே கூடிப் படித்ததைப் பேசுவோம். அந்த நாவல் பதிப்பில் இல்லை. எங்கிருந்தோ கிடைத்த ஒரே பிரதியை அக்கா நாலு ஸ்பைரல் போட்டு ஆளுக்கொன்று கொடுத்திருந்தார். ரொம்பப் பழைய இங்கிலீஷ் கதை. கடலோரத்தில் ஒரு பெரிய மாளிகை. அதன் முதலாளிக்குக் கண் தெரியாது. ஓடிப்போன ஒரே மகளிடமிருந்து வரும் கடிதங்களை அவருடைய காரியஸ்தர்தான் படித்துக் காட்டுவார். உண்மையில் மகள் எழுதியது ஒரே கடிதம், ‘என்னை மறந்துவிடுங்கள்’ என்று. அதற்குப் பிறகு பதினோரு வருஷம் காரியஸ்தரே கடிதங்களை இட்டுக்கட்டி, தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, அன்பாக அன்பாகப் படித்திருக்கிறார். கடைசியில் ஒரு மழைநாளில் அந்த மகள் திரும்பி வந்து நிற்கிறாள். அவள் உள்ளே போனால் பதினோரு வருஷக் கடிதமும் பொய்யாகிவிடும். காரியஸ்தர் அவளை மணிக்கூண்டு அறையில் தங்கவைத்து வெளியே பூட்டுகிறார். காய்ச்சலில் அவள் அங்கேயே செத்துப்போகிறாள். மறுநாள் காலையில் கிழவருக்கு அவளிடமிருந்து வந்ததாக இன்னொரு கடிதம் படிக்கிறார்.

எனக்கு அந்த ஆளைக் கண்டாலே ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் எழுத்து தெரிந்த முதல் ஆள் நான். செட்டிகுளத்துக்குப் பக்கத்தில் வீடு. அப்பாவும் அம்மாவும் பிறர் காட்டில் வெங்காயம் நட்டு, வெங்காயம் பிடுங்கி என்னைப் படிக்கவைத்தார்கள். இப்போது அரியலூரில் ஒரு சிமெண்டு ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் சுண்ணாம்புக்கல்லை அரைத்துப் பார்த்து எண் எழுதும் வேலை. வீட்டுக்கு எந்தத் தாள் வந்தாலும் நான் ஊருக்குப் போகும்வரை அது மஞ்சப்பையில் காத்திருக்கும். நான் படிப்பேன், அப்பா என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார். பெண் பேசி முடிக்கும் சமயத்தில் ஜாதகப் பொருத்தமும் அப்படித்தான் வந்தது. பெண் வீட்டில், “மாப்ள வூட்ல பாத்துச் சொன்னா போதுங்க” என்று சொல்லிவிட்டார்கள். கம்ப்யூட்டர் ஜாதகம் போடும் இடத்தில் நான் தனியாகப் போய் வாங்கினேன். பத்துக்கு நாலு. ரஜ்ஜுப் பொருத்தம் இல்லை. ரஜ்ஜு என்றால் தாலிக் கயிறு. அது பொருந்தாவிட்டால் புருஷனுக்கு ஆயுள் நிற்காது என்று எங்கள் பக்கம் அந்த ஒன்றுக்காகவே சம்பந்தத்தை விட்டுவிடுவார்கள்.

“என்னப்பா போட்டுருக்கு?” என்றார் அப்பா.

“பத்துக்கு எட்டுப்பா” என்றேன்.

அம்மா சூடம் ஏற்றினாள். ஆவணியில் நிச்சயம். தையில் கல்யாணம். அந்தத் தாள் என் சர்டிபிகேட் பைலுக்குள் போய்விட்டது. எனக்கு ஜாதகத்தில் நம்பிக்கை இல்லை, அதனால் அது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாவலில் காரியஸ்தரின் முதல் பொய்க்கடிதம் வந்த பக்கம்வரைக்கும் அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. எனக்கு நிச்சயமான பெண்தான் தொடங்கினாள். அரும்பாவூரில் மெடிக்கல் ஷாப்பில் வேலை செய்கிறாள். டாக்டர் கிறுக்கியதையெல்லாம் படித்துப் பழகியவள், எதையும் விரல் வைத்துத்தான் படிப்பாள். ஸ்பைரலில் விரலை வைத்துக்கொண்டு சொன்னாள்:

“அவரு பண்ணது கொலைதான். இல்லேங்கல. ஆனா அவரு மேல எனக்குக் கோவமே வரலக்கா. பதினோரு வருஷம் இன்னொருத்தரோட அன்பை உக்காந்து எழுதியிருக்காரே, அவருக்குன்னு யாராவது ஒரு வரி எழுதுனாங்களா?”

‘அவரு.’ நான் அந்தச் சொல்லிலேயே நின்றுவிட்டேன். எங்கள் ஊரில் ஒரு பெண் பெயர் சொல்லாமல் ‘அவரு’ என்றால், அது யார் என்று ஒருவரும் கேட்பதில்லை. அம்மா அப்பாவை ஆயுசுக்கும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறாள். நிச்சயமாகியும் என்னை அவள் அதுவரை சொன்னதெல்லாம் ‘இவங்க’. பேங்க் மேனேஜரைச் சொல்வது போல. வாட்ஸாப்பில் நான் பத்து வரி அனுப்பினால் ‘ம்’, மிஞ்சிப்போனால் ‘சரிங்க’. ஒரு முறை அவளுடைய ஸ்பைரல் பிரதியை இரவல் வாங்கிப் போய், அவள் ஓரத்தில் பென்சிலால் ‘பாவம்’ என்று எழுதிய இடங்களை எண்ணிப் பார்த்தேன். பதினாலு. பதினாலும் காரியஸ்தருக்கு.

அக்கா விடுவாரா? “ஏம்ப்பா, ஒனக்கு முந்தி ஒருத்தருக்கு ‘அவரு’ப் பட்டம் கட்டிட்டா போலருக்கே. தை வரைக்கும் ஒனக்குப் பொறுக்குமா?”

“பட்டமெல்லாம் அந்தாளு தாங்க மாட்டான்” என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. “எழுதுனவங்களே அவனைக் கீழ எறக்கிட்டாங்க. பாருங்க, இருநூத்திப் பன்னண்டாம் பக்கம். அதுவரைக்கும் ‘காரியஸ்தர் வந்தார், காரியஸ்தர் சொன்னார்’. சாவியத் திருப்புற எடத்துலேர்ந்து ‘காரியஸ்தன் நின்றான்’. ஒரே ஒரு ‘ர்’ போயிடுச்சு. ஏன் போச்சு? அவனுக்கு மரியாதை முடிஞ்சுபோச்சு, அதான்.”

இதைக் கண்டுபிடிக்க நான் அரியலூர் ரூமில் உட்கார்ந்து மூன்று நாள் பக்கம் பக்கமாகப் பார்த்திருந்தேன். அவள் முகம் வாடியதைப் பார்த்து எனக்கு, வெட்கமாகத்தான் இருக்கிறது, சந்தோஷமாக இருந்தது.

அப்போது ஆசிரியர் போனை எடுத்தார். அவருடைய தாத்தாவே வாத்தியார். அவர் வீட்டில் சண்டை போடுவதுகூட இலக்கணத்தோடு இருக்கும் என்று அக்கா கேலி செய்வார். இங்கிலீஷ் மூலத்தை அவர் போனில் வைத்திருந்தார். இரண்டு விரலால் பெரிதாக்கி நடுவில் வைத்தார்.

“தம்பி, இங்க பாருங்க. முன்னாடியும் ஒரே வார்த்தைதான், பின்னாடியும் அதே வார்த்தைதான். இங்கிலீஷ்ல ராஜாவுக்கும் திருடனுக்கும் அதே ‘ஹீ’. அந்த ‘ர்’ரை எடுத்தது மொழிபெயர்த்தவரு. அவருக்குக் கோவம் வந்திருக்கும்.”

“அப்ப கதை எழுதுனவங்க அவரை விட்டுக்குடுக்கலையா சார்?” என்றாள் அவள். கண்ணெல்லாம் வெளிச்சம். கேட்டது ஆசிரியரை, பார்த்தது ஆசிரியரை, சந்தோஷப்பட்டது காரியஸ்தருக்காக. அந்த மூன்றிலும் எனக்கு இடமில்லை.

“விட்டுக்குடுக்கல மேடம். கடைசி வரைக்கும் ஒரே மாதிரிதான் வச்சிருக்காங்க.”

நான் அந்த இங்கிலீஷ் வரியைக் குனிந்து பார்த்தேன். எழுத்துக் கூட்டினால் எனக்கும் புரியும். ஆனால் அவர் காபி குடிப்பது போல அதைக் குடித்தார், நான் மருந்து மாதிரி விழுங்கவேண்டும். என் தாத்தாவும் படித்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்ற நினைப்பு எனக்கு அடிக்கடி வருவதுதான். அன்று அது நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துவிட்டது. பேசியது போதும் என்று நானே எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

“தம்பிக்கு முகம் சுண்டைக்காயாட்டம் ஆயிடுச்சு” என்று அக்கா சொல்வது காதில் விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

மறுநாள் நான் வேலையில் இருந்தபோது அம்மாவிடமிருந்து போன். அம்மா வேலை நேரத்தில் கூப்பிட மாட்டாள். கை முழுக்க கல்மாவு, துடைத்துவிட்டு எடுத்தேன்.

“டேய், யாரடா ரூம்புல போட்டுப் பூட்டுன?”

“என்னம்மா?”

“மறைக்காத. அந்தப் புள்ள இப்பத்தான் போன்ல பேசுச்சு. நேத்து என்ன பேசுனீங்கன்னு கேட்டேன். ‘அவரு பண்ணது கொலைதான் அத்த, ஒரு பொண்ணை ரூம்ல பூட்டி வச்சுட்டாரு. ஆனா அவரு மனசுல கெட்டது இல்ல, எனக்கு அவரு மேல கோவமே வரல’ங்குது. எனக்குக் கையி காலெல்லாம் ஓடல. ஒங்கப்பாகிட்ட இன்னும் சொல்லல. யாருடா அந்தப் பொண்ணு?”

கதை என்று புரியவைக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. “கதைல வர்ற ஆளையா அவரு அவருன்னு சொல்லுச்சு?” என்று அம்மா இரண்டு முறை கேட்டாள். பிறகு, “நான் ஒன்னத்தான்னு நெனச்சுட்டேன்” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

என்னைத்தான் என்று அம்மாவுக்குத் தோன்றிய சொல், எனக்கு இல்லை. அதை நினைத்துக்கொண்டே அன்று அரைத்த ஒரே கல்மாவை இரண்டு தடவை எடை போட்டேன். சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது வேறொன்று தோன்றியது. ‘கோவமே வரல.’ பதினோரு வருஷம் பொய் படித்தவன் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. நான் படித்தது ஒரே ஒரு பொய். அதுவும் அவளுக்காக. அவனுக்குப் பதினாலு ‘பாவம்’ என்றால் எனக்கு ஒன்றாவது கிடைக்காதா? உண்மையைச் சொல்லவேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் நான் சொல்லப் போனேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய். நான் காரியஸ்தருடன் போட்டிக்குப் போனேன்.

அடுத்த கூட்டம் முடிந்து அரும்பாவூர் பஸ்ஸுக்காக அவளோடு நின்றேன். கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னேன். தாளையும் கொண்டு போயிருந்தேன். அவள் டம்ளரை வண்டி மேல் வைத்துவிட்டு, வழக்கம் போல விரல் வைத்து முழுவதும் படித்தாள். உத்தமம், மத்திமம், இல்லை, இல்லை.

“பத்துக்கு எட்டுன்னு எங்கப்பா ஊரெல்லாம் சொன்னாரே.”

“நான்தான் அப்படிப் படிச்சேன். எனக்கு இதுல நம்பிக்கை இல்ல. ஒன்னை… ஒங்களை விட்டுரக்கூடாதுன்னு.”

அவள் விரல் மறுபடியும் ரஜ்ஜு வரிக்குப் போனது. நான் அவசரப்பட்டேன். “நீங்களே சொன்னீங்கல்ல, அன்புக்காகப் படிச்ச பொய்யின்னா கோவம் வராதுன்னு.”

“அது கதை.”

“கதையில கொலையே பண்ணியிருக்கான்.”

“கதையில அவரு பூட்டுனது யாரோ ஒரு பொண்ணை. நான் வெளிய உக்காந்து பாவம் பாக்கலாம்.” தாளை மடித்தாள். “இதுல பூட்டுனது என்னையில்ல? எனக்கும் நம்பிக்கை கெடையாதுய்யா. கேட்டிருந்தா நானே கிழிச்சுப் போடுன்னு சொல்லியிருப்பேன். நீ கேட்டியா? ஒரு வார்த்தை கேட்டியா என்கிட்ட?”

நீ. அதுவரை ஒரு தடவைகூட அவள் என்னை நீ என்றதில்லை. ஆனால் அப்போதும் எனக்குள் ஒரு அற்ப ஜென்மம், இதை அவள் காரியஸ்தரிடம் சொல்லவில்லை, என்னிடம்தான் சொல்கிறாள் என்று எண்ணிக்கொண்டது.

பஸ் வந்தது. ஏறும் முன் தாளை என் சட்டைப் பையில் செருகினாள். “இதை இருக்கறது இருக்கறபடி ஒங்கப்பா அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுங்க. அவங்க வேண்டாம்னா வேண்டாம். வேணும்னா அப்புறம் பேசலாம். அதுவரைக்கும் போன் பண்ணாதீங்க.” மறுபடியும் ‘ங்க’.

மறுநாள் காலையிலேயே வீட்டுக்குப் போய்விட்டேன். களத்தில் வெங்காயத் தாள் அரிந்துகொண்டிருந்தார்கள். அம்மா அரிவாள்மணையில், அப்பா குவியலுக்கு அந்தப் பக்கம். நான் எதிரே குந்தி, தலைப்பிலிருந்து அடிவரைக்கும் படித்தேன். ஒவ்வொரு பொருத்தமாக. ரஜ்ஜுவையும் விடாமல் படித்தேன்.

“ரஜ்ஜுன்னா தாலிதான?” என்றாள் அம்மா. அரிவதை நிறுத்திவிட்டாள்.

அப்பா கேட்டார்: “அப்ப எட்டுன்னு சொன்னது யாரு?”

“நான்தாம்ப்பா.”

“இப்ப எதுக்கு நாலுன்னு படிக்கற?”

“அந்தப் பொண்ணுதான் இருக்கறபடி படிச்சுக் காட்டச் சொல்லுச்சு. நீங்க வேண்டாம்னா வேண்டாம்னுச்சு.”

அப்பா ஒரு வெங்காயத்தை எடுத்து மண்ணைத் தேய்த்துவிட்டுக் குவியலில் போட்டார். இன்னொன்று. இன்னொன்று. “அப்ப அது நம்ம வூட்டுக்கு வரட்டும்” என்றார். அம்மா பேச வாயெடுத்தாள். “புள்ளைக்கு ஆயுசு…” “மலைக்குப் போயி முருகனுக்கு ஒரு அர்ச்சனை பண்ணிட்டு வருவம். பொண்ணு வரட்டும்” என்று அவரே முடித்தார்.

கல்யாணம் நின்றுவிடும் என்று வந்தவன் நான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவளுக்கு அப்போதே ‘சரியென்றுவிட்டார்கள்’ என்று ஒரு வரி அனுப்பினேன். ‘சரிங்க’ என்று வந்தது.

போனைப் பைக்குள் வைக்கும்போது அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயை அல்ல, கண்ணை.

“அம்மாவுக்குக் கட்டி எடுத்தமே. பெரியாஸ்பத்திரியில குடுத்த சீட்டுல ஒண்ணுமில்லன்னு படிச்சியே.”

“ஒண்ணுமில்லதாம்ப்பா. சத்தியமா.”

“பயிர்க்கடன் நோட்டீசு?”

“அதுவும் நான் படிச்சது படிச்சபடிதாம்ப்பா.”

“சரி” என்றார். அடுத்த வெங்காயத்தை எடுத்தார். நான் அரியலூருக்குத் திரும்பிவிட்டேன்.

நாலு நாள் கழித்து ஜெராக்ஸ் அக்காவிடமிருந்து போன். “தம்பி, கலெக்டர் ஆபீசு வாசல்ல மனு எழுதறவருகிட்ட ஒங்கப்பாவும் அம்மாவும் ஒக்காந்திருக்காங்க. நான் தாள் குடுக்கப் போனப்பப் பாத்தேன். ஏதும் வழக்கு கிழக்கா?”

அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தேன். ரோட்டுக்கு இந்தப் பக்கம், டீக்கடைத் தட்டி மறைவில் நின்றேன். வேப்பமரத்தடியில் மடக்கு மேசை. மனு எழுதுபவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு தாளாக எடுத்து உரக்கப் படித்தார். மேசை மேல் எங்கள் வீட்டு மஞ்சப்பை. ஆஸ்பத்திரிச் சீட்டு, கடன் நோட்டீசு, வீட்டு வரி, என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் தாள்வரைக்கும். அப்பா முன்னால் சாய்ந்து அந்த மனிதரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ஒன்றை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள், அவர் படித்தார். எதற்கோ அப்பா சிரித்தார். அது எந்தத் தாள் என்று எனக்குத் தெரியவில்லை. எந்தத் தாளைப் படித்தாலும் என்னிடம் அவர் சிரித்ததில்லை.

காரியஸ்தர் மேலும் ஆசிரியர் மேலும் எனக்கு இருந்ததைப் பொறாமை என்று அதுவரை நினைத்திருந்தேன். இந்த மனு எழுதுபவருக்கு எங்களைத் தெரியாது. எங்களிடம் ஒரு பிரியமும் கிடையாது. அதனாலேயே அவர் படித்ததை என் அப்பா அப்படியே நம்பினார். ரோட்டைக் கடந்து போய் அவர் கையிலிருந்த தாளைப் பிடுங்கிவிட வேண்டும் போலிருந்தது. போகவில்லை. டீ ஆறிப்போகும்வரை நின்றுவிட்டு, அவர்கள் எழுந்ததும் நான் அரியலூர் பஸ்ஸுக்கு நடந்தேன்.

ராத்திரி அம்மா போனில் சொன்னாள். “எல்லாம் நீ படிச்சபடிதாண்டா இருந்துச்சு. ஒண்ணுகூட மாத்தல. ஒங்கப்பாவுக்கு இப்பத்தான் நிம்மதி.”

“எவ்வளவும்மா ஆச்சு?” என்றேன்.

படித்துக் காட்டத் தாளுக்கு இருபது ரூபாய். மொத்தம் முப்பத்தொரு தாள். அம்மாவுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. அப்பாவுக்கு வரப்போக முப்பது. ஆகமொத்தம் அறுநூற்று ஐம்பது ரூபாய்.